இருமினால் கசிகிறது, நடந்தால் இறங்குகிறது: பெண்களின் இடுப்புத்தளக் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உள்ளாடை ஈரமாகிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிற தொல்லைக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்றைக் குணமாக்கும் பயிற்சி இன்னொன்றைக் கெடுக்கும். ஒன்றுக்குக் கேட்கும் மாத்திரை மற்றொன்றுக்குக் கேட்காது. அதனால் கீழே உள்ள பதில்களில் திரும்பத் திரும்ப ஓரிடத்துக்கே வந்து நிற்பேன்: உங்களுக்கு இருப்பது எது என்று முதலில் தெரியட்டும், சிகிச்சை பிறகு.

இடுப்புத்தளம் என்றால் என்ன? அப்படி ஒன்று உடம்பில் இருப்பதே எனக்குத் தெரியாது.

பலருக்கும் தெரியாது. கைத்தசை, தொடைத்தசை போல அது கண்ணில் படுவதில்லை. முன்னால் பூப்பெலும்பு, பின்னால் வால் எலும்பு. இரண்டுக்கும் நடுவே கட்டிய தூளி போலச் சில தசைகளும் அவற்றைச் சுற்றிய நார்த்திசுக்களும் இருக்கின்றன. தூளியின் மேல் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. தூளியிலேயே மூன்று வாசல்கள்: சிறுநீர் வழி, யோனி, ஆசனவாய்.

இந்தத் தசைகளுக்கு இரண்டு எதிரெதிரான வேலைகள். நாள் முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், வேண்டிய நேரத்தில் முழுவதுமாக விட்டுக்கொடுக்கவும் வேண்டும். நீங்கள் தூங்கும்போதுகூட அவை முற்றிலும் தளர்வதில்லை. பிடிப்பு போனாலும் கோளாறு, விடத் தெரியாமல் போனாலும் கோளாறு. பின்னதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கோளாறு என்றால் என்னென்ன?

சிறுநீர் கசிவது, அடிக்கடி போக வேண்டியிருப்பது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு. கருப்பையோ சிறுநீர்ப்பையோ மலக்குடலோ யோனிக்குள் இறங்கிப் புடைப்பது. வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது, அல்லது எவ்வளவு முக்கினாலும் முழுதாக வெளியேறாதது. அடிவயிற்றிலும் பிறப்புறுப்பிலும் விடாத வலி, உடலுறவின்போது வலி. இவற்றில் ஒன்று இருப்பவர்களுக்கு இன்னொன்றும் இருப்பது சகஜம். மூன்று உறுப்புகளுக்கும் தூளி ஒன்றுதானே.

தும்மினால் கசிகிறது. என் அக்காவுக்கோ வீட்டுக் கதவில் சாவியை நுழைப்பதற்குள் கசிந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் கேள்வி மிக முக்கியமானது.

உங்களுடையது அழுத்தக் கசிவு. தும்மல், இருமல், சிரிப்பு, குதிப்பு, கனமான பொருளைத் தூக்குவது என வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும்போது, சிறுநீர் வழியைக் கீழிருந்து தாங்கும் திசுவும் அதை மூடும் தசையும் ஈடுகொடுக்கவில்லை. முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. கொஞ்சம்தான் வரும், உடனே நின்றுவிடும்.

உங்கள் அக்காவுடையது அவசரக் கசிவு. வாசல் சரியாகத்தான் இருக்கிறது. சிறுநீர்ப்பையின் சுவர்த்தசைதான் நேரங்கெட்ட நேரத்தில் சுருங்குகிறது. குழாய்த் தண்ணீரின் சத்தம், குளிர்ந்த தரை, வீட்டுக் கதவு ஆகியவையே அதைத் தூண்டிவிடும். "இப்போதே போக வேண்டும்" என்ற உந்துதல் முதலில் வரும், கசிவு பின்னால் வரும். சில சமயம் சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகிவிடும்.

இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. மூன்றாவது வகை, நிரம்பி வழிவது: சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல், தளும்பும் குடம் போலச் சொட்டிக்கொண்டே இருப்பது. இவர்களிடம் போய் "அவசரத்துக்கான" மாத்திரையைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

ஒரு சிறு எச்சரிக்கை. மருத்துவச் சீட்டில் "ஸ்ட்ரெஸ் இன்காண்டினென்ஸ்" என்று எழுதியிருந்தால் அது மன உளைச்சலால் வந்தது என்று பொருள் அல்ல. அங்கே ஸ்ட்ரெஸ் என்பது வயிற்று அழுத்தம். "மனதை லேசாக வைத்துக்கொள், சரியாகிவிடும்" என்று வீட்டில் அறிவுரை கேட்டு வருடங்களை வீணடித்தவர்கள் இருக்கிறார்கள்.

வயதானால் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே?

அமெரிக்காவில் 2005–06இல் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 2,000 பெண்களின் பதில்களை ஆராய்ந்தார்கள். சிறுநீர்க் கசிவு, மலக் கசிவு, உறுப்பு இறக்கம் மூன்றில் ஒன்றாவது இருந்தவர்கள் 23.7 சதவீதம். 20 முதல் 39 வயதுக்குள் பத்தில் ஒருவர், 80 வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர்.

இந்தக் கணக்கை இரண்டு விதமாகப் படிக்கலாம். வயது ஏற ஏறக் கூடுகிறது என்பது ஒன்று. 80 வயதிலும் பாதிப்பேருக்கு இல்லை என்பது இன்னொன்று. நரை போல எல்லோருக்கும் வந்தே தீரும் என்றால் அந்த மற்றப் பாதியை என்ன சொல்வது?

பிறகு யாருக்குத்தான் வருகிறது?

யோனி வழிப் பிரசவம்தான் முதல் காரணம். குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் உட்புறத் தசை தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது என்று 2004இல் வெளிவந்த ஒரு கணினி மாதிரி காட்டியது. உடம்பின் வேறெந்தத் தசைக்கும் இப்படி ஒரு சோதனை கிடையாது. பெரும்பாலும் அது மீண்டுவிடுகிறது. சிலருக்கு எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுகிறது. ஆயுதம் போட்டு, குறிப்பாக ஃபோர்செப்ஸ் வைத்து எடுத்த பிரசவங்களில் இது அதிகம். வேடிக்கை என்னவென்றால், சேதம் 25 வயதில் நடந்திருக்கும், தொல்லை 55 வயதில் எட்டிப்பார்க்கும். அதுவரை மற்றத் திசுக்கள் சுமையைப் பங்கிட்டுத் தாங்கியிருக்கும்.

அந்தப் பங்கீட்டைக் குலைப்பவை பல: மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவது, உடல் எடை, ஆண்டுக்கணக்கான மலச்சிக்கல், புகைப்பதாலோ நுரையீரல் நோயாலோ வரும் விடாத இருமல், தினமும் பாரம் தூக்கும் வேலை. அம்மாவுக்கோ சகோதரிக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். நார்த்திசு பிறவியிலேயே தளர்வாக இருக்கும் சிலரும் உண்டு.

நான் குழந்தையே பெறவில்லை. எனக்கு ஏன்?

மேலே சொன்னவற்றில் பிரசவம் ஒன்றுதான் உங்களுக்குப் பொருந்தாது. டிராம்போலின், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற குதிக்கும் விளையாட்டுகளில் பயிற்சி எடுக்கும் பிரசவம் காணாத இளம்பெண்களிடமே கசிவு நிறையக் காணப்படுகிறது. வயிற்றுத்தசை இரும்பாக இருந்தால் அடித்தளமும் உறுதியாக இருக்கும் என்பது தவறான எண்ணம்.

அப்படியானால் சிசேரியன் செய்துகொண்டால் தப்பித்துவிடலாமா?

உறுப்பு இறங்கும் ஆபத்து நன்றாகவே குறைகிறது. சிறுநீர்க் கசிவும் ஓரளவு குறைகிறது, ஆனால் மறைவதில்லை. ஒன்பது மாதம் சுமந்ததே தூளிக்கு ஒரு பாரம்தான். இதற்காக மட்டுமே சிசேரியனைத் தேர்ந்தெடுப்பதை நான் நியாயமாகக் கருதவில்லை. அது வயிற்றைத் திறக்கும் பெரிய அறுவை, அடுத்தடுத்த கர்ப்பங்களிலும் அதன் விளைவு தொடரும். கர்ப்ப காலத்திலேயே இடுப்புத்தளப் பயிற்சியைத் தொடங்குவது பிரசவத்துக்குப் பிந்தைய கசிவைக் குறைக்கிறது. அதற்குச் செலவும் இல்லை, தழும்பும் இல்லை.

குளிக்கும்போது பிறப்புறுப்பில் உருண்டையாக ஏதோ கையில் படுகிறது. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. காலையில் ஒன்றும் தெரியாது, மாலையில் பாரமாக இருக்கும், படுத்தால் உள்ளே போய்விடும் என்றால் அது உறுப்பு இறக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பந்தின் மேல் உட்கார்ந்திருப்பது போல என்று பலரும் சொல்வார்கள். இருந்தாலும் ஒருமுறை பரிசோதித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இறங்குவது எப்போதும் கருப்பை என்று நினைக்க வேண்டாம். யோனியின் முன்சுவர் தளர்ந்து சிறுநீர்ப்பை புடைப்பதுதான் அதிகம் காணப்படுவது. பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல் புடைக்கும். கருப்பையை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கு யோனியின் உச்சியே இறங்கலாம்.

பின்சுவர் தளர்ந்தவர்கள் வெட்கத்தால் சொல்லாமல் விடும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலம் வாசல் வரை வந்து நின்றுவிடும். யோனிக்குள்ளோ அதன் பின்பக்கத்திலோ விரலால் அழுத்தினால்தான் வெளியேறும். இதைத் தான் மட்டும் செய்யும் அசிங்கமான காரியம் என்று நினைத்து வாழ்நாள் முழுவதும் மறைப்பவர்கள் உண்டு. டாக்டர்களுக்கு இது நன்கு தெரிந்த அறிகுறி, அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னால் அவர்களுக்குப் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

"இரண்டாம் நிலை இறக்கம்" என்று எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

1996இல் வகுத்த அளவுமுறை அது. யோனி வாசலில் இருக்கும் கன்னிச்சவ்வின் விளிம்பைக் கோடாக வைத்து, புடைப்பு அதற்கு மேலே எத்தனை சென்டிமீட்டர், கீழே எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பார்கள். கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலும் கீழுமான எல்லைக்குள் இருந்தால் இரண்டாம் நிலை. நான்காம் நிலையில் முழுவதும் வெளியே வந்திருக்கும். புடைப்பு அந்தக் கோட்டை நெருங்கும்வரை பெரும்பாலான பெண்களுக்கு எதுவும் தெரிவதே இல்லை. வேறு எதற்கோ பரிசோதிக்கும்போது தற்செயலாகக் கண்டுபிடித்த, தொல்லை தராத இறக்கத்துக்குச் சிகிச்சை கட்டாயமில்லை. எண்ணுக்குச் சிகிச்சை இல்லை, உங்கள் தொல்லைக்குத்தான்.

டாக்டரிடம் போனால் என்ன செய்வார்கள்?

முதலில் கேட்பார்கள். பிறகு சிறுநீரில் தொற்று உண்டா என்று பார்ப்பார்கள், ஏனெனில் சாதாரணத் தொற்றே அவசரத்தையும் கசிவையும் உண்டாக்கும். சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். உள் பரிசோதனையின்போது முக்கச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். இருமும்போது கசிந்துவிட்டால் கூச வேண்டாம், அவர்கள் தேடிய விடையே அதுதான். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனை எல்லோருக்கும் தேவைப்படாது.

போகும் முன் நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, எந்த ஸ்கேனையும்விட அது பல சமயம் அதிகம் பேசும். மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு. அளவுக் கோடு போட்ட ஒரு கோப்பை, ஒரு தாள், ஒரு பேனா போதும். எப்போது, எவ்வளவு குடித்தீர்கள். எப்போது, எவ்வளவு கழித்தீர்கள். எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்.

இப்படி ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 6:10, 420 மில்லி. 7:00, 90 மில்லி. 7:40, 60 மில்லி, பக்கத்தில் "கிளம்பும் முன் சும்மா". 8:30, 80 மில்லி, "அவசரம், பாதி வழியில் கசிந்தது". விடியற்காலையில் 420 மில்லியை அசையாமல் பிடித்து வைத்திருந்த அதே சிறுநீர்ப்பை, பகலில் 80 மில்லிக்கே கூச்சலிடுகிறது. அப்படியானால் பை சிறுத்துவிடவில்லை, அதன் பழக்கம்தான் கெட்டுவிட்டது. "எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்" என்ற பழக்கமே அதற்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். எல்லாக் கசிவுக்கும் பக்கத்தில் "இருமல்", "மாடிப்படி", "சிரிப்பு" என்றே எழுதியிருந்தால் கதை வேறு.

கெகல் பயிற்சி என்கிறார்களே, அது என்ன? எப்படிச் செய்வது?

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதிய கட்டுரையால் பரவிய பயிற்சி. ஒன்றை மட்டும் பலர் மறந்துவிட்டார்கள்: தசை சரியாகச் சுருங்குகிறதா என்று அளக்க ஒரு கருவியையும் அவர் வைத்திருந்தார். "இறுக்கிக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லி அவர் யாரையும் அனுப்பிவிடவில்லை. 1991இல் ஓர் ஆய்வில் பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்துச் செய்யச் சொன்னபோது, ஏறக்குறைய பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப்பேர் செய்தது கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில், அதாவது மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிக்கொண்டிருந்தார்கள்.

படுத்துக்கொண்டு முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் வாயு வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்குங்கள். அந்தச் சுருக்கத்தை அப்படியே முன்னால் சிறுநீர் வழி வரை கொண்டுவந்து, உள்ளே, மேலே தூக்குங்கள். பிட்டம் இறுகக் கூடாது, தொடைகள் ஒட்டக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால், யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள பகுதி உள்வாங்க வேண்டும். வெளியே புடைத்தால் உடனே நிறுத்திவிடுங்கள், நீங்கள் முக்குகிறீர்கள்.

ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பிறகும் முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு சொல்வது: ஒரு தடவைக்கு குறைந்தது 8 சுருக்கம், நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். முதல் மூன்று வாரத்தில் ஒன்றும் தெரியாது. அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதை மட்டும் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகும் பழக்கம் அதனால் கெடலாம்.

இவ்வளவு எளிமையான பயிற்சி உண்மையிலேயே பலன் தருமா?

அழுத்தக் கசிவுக்கு, ஆம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் கசிவு நின்றுவிட்டது என்றார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம். ஒரு தசையை இறுக்கித் தளர்த்துவதால் மட்டுமே கிடைத்த வித்தியாசம் இது.

கூடவே ஒரு சூட்சுமம்: இருமல் வரப்போகிறது என்று தெரிந்த கணத்தில், இருமுவதற்கு முன்பே தசையை இறுக்கிக்கொள்வது. தசை இன்னும் வலுவாகாத முதல் வாரங்களிலேயே இது கைகொடுக்கும்.

மூன்றாம், நான்காம் நிலை இறக்கத்தைப் பயிற்சி மேலே ஏற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆரம்ப நிலைகளில் பாரமும் அசௌகரியமும் குறையும், அவ்வளவுதான்.

தவறாமல் செய்கிறேன். வலி அதிகமாகிவிட்டது.

நிறுத்துங்கள். முதலில் சொன்ன "விடத் தெரியாத" வகை உங்களுடையதாக இருக்கலாம். சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, மாறாக நாள் முழுவதும் முட்டி மடக்கிய கை போல இறுகிக் கிடக்கும். உடலுறவில் வலி, டாம்பூன் வைக்க முடியாமை, சிறுநீர் தொடங்கத் தாமதம், விட்டு விட்டு வருவது, மலம் கழித்த பிறகும் நீடிக்கும் வலி எல்லாம் அதன் அடையாளங்கள். இறுகிய தசைக்கும் வலு இருக்காது. மடக்கியே வைத்த கையால் ஒரு பொருளைப் பிடிக்க முடியாதல்லவா? அதனால் இவர்களுக்கும் கசியும். கசிவைக் கேட்டவுடன் பயிற்சித் தாளைக் கையில் திணிப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். இவர்களுக்கு வேண்டியது வயிறு நிறைய மூச்சு இழுக்கும் பயிற்சி, தசையைத் தளர்த்தும் கைச்சிகிச்சை, இதில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட்.

அவசரக் கசிவுக்கு என்ன செய்வது?

சிறுநீர்ப்பைக்குப் பாடத்தை மாற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள் என்றால், ஒரு மணி பத்து நிமிடமாக்குங்கள். அது பழகிய பிறகு இன்னும் பத்து நிமிடம். குறைந்தது ஆறு வாரம் பிடிக்கும்.

உந்துதல் வரும்போது ஓடாதீர்கள். ஓடினால் குலுங்கும், மூளைக்கும் பதற்றம் ஏறும். நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். தசையை ஐந்தாறு முறை வெடுக் வெடுக்கென்று இறுக்கி விடுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணுங்கள். உந்துதல் அலை போல ஏறி இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போங்கள்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால்?

அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தும், மலச்சிக்கல் கூடும். தாகத்துக்குக் குடியுங்கள், காபியையும் தேநீரையும் குறையுங்கள், படுக்கும் முன் இரண்டு மணி நேரத்தில் அளவோடு இருங்கள்.

எடை குறைத்தால் மாற்றம் தெரியுமா?

தெரியும். 2009இல் வெளியான ஒரு சோதனையில், கூடுதல் எடை கொண்ட பெண்கள் ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீத எடையைக் குறைத்தார்கள். வாரத்தில் கசியும் தடவைகள் 47 சதவீதம் குறைந்தன. வெறும் அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 28 சதவீதம். 80 கிலோ உள்ளவருக்கு 8 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஆறரைக் கிலோ.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் முக்குவது, ஒவ்வொரு நாளும் தூளியை மேலிருந்து மிதிப்பதற்குச் சமம். மேற்கத்திய பாணிக் கழிப்பறையில் உட்காரும்போது காலடியில் ஒரு சிறு முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி முன்னால் சாயுங்கள். மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை அப்போதுதான் தளர்ந்து வழிவிடும். மூச்சை அடக்கி முக்காமல், வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி கழியுங்கள்.

வாயுவை அடக்க முடிவதில்லை, சில சமயம் மலமும் கசிகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிரசவத்தின்போது கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போயிருக்கலாம். மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் என்று அதைச் சொல்வார்கள். அப்போதே கண்டுபிடித்துத் தைத்திருந்தாலும் பிற்காலத்தில் வலு குறையலாம். கண்ணுக்குத் தப்பிய கிழிசல்களும் உண்டு. ஆசனவாய் வழியே செய்யும் அல்ட்ராசவுண்டில் தசை எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியும்.

சிகிச்சை பெரும்பாலும் மலத்தைக் கெட்டியாக்குவதில் தொடங்குகிறது. தண்ணீராகப் போவதை எந்தத் தசையாலும் பிடித்து வைப்பது கடினம். பிறகு பயிற்சி, தசை சுருங்குவதைக் கருவியில் பார்த்தபடி பழகும் பயோஃபீட்பேக், சிலருக்கு வால் எலும்புக்குச் சற்று மேலுள்ள நரம்பைத் தூண்டும் கருவி. அடுத்த பிரசவம் எப்படி என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பெசரி என்றால் என்ன?

இறங்கும் உறுப்பைத் தாங்க யோனிக்குள் வைக்கும் சிலிக்கான் வளையம். யோசனை பழையது. பழங்காலக் கிரேக்க மருத்துவர்கள் பாதி மாதுளம்பழத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்றைய வளையத்தை மடித்து உள்ளே செலுத்தினால், அங்கே விரிந்து பூப்பெலும்பின் பின்னால் பொருந்திக்கொள்ளும்.

பொருத்தும் நாளை அவசரமில்லாத நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அளவு சரியா என்பது படுக்கையில் தெரியாது. எழுந்து நடக்கச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள், குந்தி எழச் சொல்வார்கள், கழிப்பறைக்குப் போய் வரச் சொல்வார்கள். விழுந்துவிட்டால் சிறியது, உறுத்தினால் பெரியது. இரண்டு மூன்று அளவு பார்த்த பிறகே சரியானது அமையலாம். சரியாக அமைந்துவிட்டால் அது உள்ளே இருப்பதே மறந்துபோகும். மறந்துபோவதுதான் ஆபத்தும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாமே எடுத்து வைக்கப் பலர் பழகிக்கொள்கிறார்கள்.

"அறுவைக்குப் பயந்தவர்களுக்குத்தான் பெசரி" என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கும், ஆறு மாதம் கழித்து முடிவெடுக்கிறேன் என்பவர்களுக்கும் அது நல்ல வழி.

மாத்திரை இருக்கிறதா?

இறக்கத்துக்கு இல்லை. அவசரக் கசிவுக்கு இருக்கிறது. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்றவை பையின் சுருக்கத்தைத் தணிக்கும். வாய் உலரும், மலம் இறுகும். வயதானவர்களுக்கு ஞாபகக் குழப்பத்தைக் கூட்டலாம் என்பதால் யோசித்தே கொடுப்பார்கள். மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்கிறது, ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சிறுநீர்ப்பைச் சுவரில் போட்டாக்ஸ் ஊசி, கணுக்கால் நரம்பை வாரம் ஒருமுறை அரை மணி நேரம் என 12 வாரம் தூண்டுவது போன்றவை உண்டு.

மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் வறட்சியையும் அவசரத்தையும் குறைக்கும். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

இறக்கம் என்றாலே கருப்பையை எடுத்துவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. கருப்பை குற்றவாளி அல்ல. தாங்கியிருந்தவை விட்டுப்போனதால் அதுவும் சேர்ந்து இறங்கியது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உச்சியை உறுதியான ஒன்றோடு கட்டுவதுதான் அறுவையின் உயிர்நாடி. அதைச் செய்யாமல் கருப்பையை மட்டும் எடுத்துவிட்டால் யோனியே பின்னால் இறங்கக்கூடும். கருப்பையை வைத்துக்கொண்டே மேலே தூக்கிக் கட்டும் முறைகளும் உண்டு.

அறுவைக்கு முன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "இறக்கம் சரியான பிறகு புதிதாகக் கசியுமா?" பெரிய இறக்கம் சிறுநீர் வழியை மடித்து அடைத்து, கசிவை மறைத்து வைத்திருக்கும். மேலே தூக்கியதும் மடிப்பு நிமிர்ந்து, இதுவரை இல்லாத கசிவு தொடங்கலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் "ஆபரேஷன் கெடுத்துவிட்டது" என்றுதான் தோன்றும். சில ஆண்டுகளில் மீண்டும் இறங்கவும் வாய்ப்பு உண்டு.

மெஷ் வைத்து வழக்குகள் எல்லாம் நடந்தனவே?

நடந்தன, காரணத்தோடுதான். இறக்கத்தைச் சரிசெய்ய யோனி வழியே வைத்த செயற்கை வலை பலருக்குத் திசுவை அரித்து வெளியே வந்தது, நீங்காத வலியைக் கொடுத்தது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இலும் 2011இலும் எச்சரித்து, 2019 ஏப்ரலில் அந்த வகை வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் அழுத்தக் கசிவுக்காகச் சிறுநீர் வழியின் கீழே தாங்கலாக வைக்கும் நாடா வலை உட்பட நிறுத்திவைத்தார்கள்.

அந்த நாடா, இறக்கத்துக்கான பெரிய வலையிலிருந்து வேறுபட்டது. ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டனும் சகாக்களும் 1990களில் கொண்டுவந்த அதற்குப் பலன் குறித்த நீண்டகாலச் சான்று நிறைய உண்டு. பல நாடுகளில் இன்னும் பயன்படுகிறது. வலை இல்லாத மாற்று வழிகளும் இருக்கின்றன. சொந்தத் திசுவிலிருந்தே பட்டை எடுத்துத் தாங்கலாம், தையலால் தூக்கிக் கட்டலாம். "வலை வைக்கிறீர்களா? எங்கே? பிறகு எடுக்க வேண்டி வந்தால் யார் எடுப்பார்கள்?" இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்பதற்கு முகம் சுளிக்கும் அறுவை மருத்துவரை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

லேசரில் யோனியை இறுக்குகிறார்களாம்?

2018 ஜூலையில் எஃப்டிஏ இத்தகைய விளம்பரங்களுக்கு எதிராக எச்சரிக்கை விட்டது. தீக்காயமும் தழும்பும் வலியும் பதிவாகியிருக்கின்றன. காசை வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கம் இருக்கும்போது தாம்பத்திய உறவு வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், அதனால் எதுவும் மோசமாகாது. படுத்த நிலையில் புடைப்பு தானே உள்ளே போய்விடும்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

சிறுநீர் முற்றிலும் வராமல் நின்றுவிட்டால். முதுகுவலியோடு பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போய், சிறுநீரோ மலமோ தெரியாமல் போகத் தொடங்கினால். இது தண்டுவடத்தின் அடி நரம்புகள் நசுங்குவதன் அறிகுறி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். பிரசவத்துக்கோ அறுவைக்கோ பிறகு இரவும் பகலும் ஓயாமல் வழிந்தால், சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். அதற்கு எந்தப் பயிற்சியும் உதவாது, அறுவையால் மூட வேண்டும்.

அம்மாவுக்கு இருக்குமோ என்று சந்தேகம். கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

நேரடியாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். கவனித்துப் பாருங்கள். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்க்கிறார்களா? நீண்ட பயணத்தைத் தட்டிக்கழிக்கிறார்களா? கிளம்புவதற்கு முன் தண்ணீரே குடிப்பதில்லையா? சிரிக்கும்போது கால்களைப் பின்னிக்கொள்கிறார்களா?

தனியாக இருக்கும் ஒரு நேரத்தில், "ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அது தூக்கத்தைப் பற்றிய கேள்வி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று நான்கு என்று பதில் வந்தால், இருட்டில் அவசரமாக ஓடி விழும் ஆபத்தும் அதில் இருக்கிறது. அன்றிரவே வழியில் ஒரு சிறு விளக்கைப் போட்டு வையுங்கள். மறுநாள் காலை அளவுக் கோப்பையையும் தாளையும் பேனாவையும் கொடுங்கள்.